கிழக்கு வாசல் வயல்

ஹோம்புஷ் ஸ்டேஷன் பக்கத்துத் தோசைக் கடையில், எதிர் ஃப்ளாட்டில் குடியிருப்பவரும் எனக்கு சிட்னியைச் சுற்றிக்காட்டுபவருமான யோகன் அண்ணா ஒரு விளம்பரத் தாளை மேசையில் விரிக்கிறார். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஒரு கிராமம், பச்சை வயல், நடுவில் ஓட்டு வீடு. இருபத்தைந்து வருடக் குத்தகைக்குக் கிடைக்கிறதாம். ஃபோனில் இருக்கும் திசைகாட்டியை அந்தப் படத்தின் மேலேயே வைத்துப் பார்க்கிறார்.

"கிழக்கு வாசல்தான் தம்பி. ரிட்டையராகி அங்கை போய் நிம்மதியா இருக்கப் போறன்."

சிரித்துவிடக் கூடாது என்று நான் சாம்பாரைப் பார்க்கிறேன்.

காபி கொண்டுவந்த, கடையில் பகுதி நேரம் வேலை செய்யும் மாணவி படத்தைக் கண்டு நிற்கிறாள். அவள் ஊரும் ஜாவாதானாம். "எங்கள் பக்கம் வீடுகள் தெற்கு பார்த்துத்தான் இருக்கும், அங்கிள். அதுதான் வழக்கம்" என்கிறாள் ஆங்கிலத்தில்.

"தெற்கோ? அது எமன்ர திசையெல்லே!"

அந்த வயலை யார் உழுவார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்காத யோகன் அண்ணா, தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறார்.

"என் அப்பாவும் இப்படி வயலைக் குத்தகைக்கு விட்டுத்தான் என்னை இங்கே படிக்க அனுப்பினார்" என்கிறாள் அவள். பிறகு தயங்கிக் கேட்கிறாள்: "உங்கள் ஃப்ளாட்டில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமா, அங்கிள்? வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் பரவாயில்லை."