கிள்ளாத சோறு

மெழுகக்கா ஒரு தட்டுச் சோறு செய்ய நான்கு நாள் எடுத்துக்கொள்வாள். முதல் நாள் மெழுகைக் காய்ச்சி, ஆணியால் துளைபோட்ட தகரத்தின் வழியே குளிர்ந்த தண்ணீரில் சொட்டவிட்டுப் பருக்கையாக்குவாள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அந்தப் பருக்கைகளை இடுக்கியால் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவாள். நான்காம் நாள், இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல ஓர் ஈரப் பளபளப்பை ஏற்றுவாள். வீட்டில் அவள் வடிக்கும் சோறு மட்டும் அரைமணி நேரத்தில் கூழாகிவிடும்.

"அங்க காட்டற பொறுமையில கால்வாசியை இங்க காட்டினா ஆகாதா?" என்பார் அவள் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரே வழித்தடத்தில் இருபத்தோரு வருடம்.

"அந்தச் சோத்தைப் பாத்து யாரும் கொறை சொல்றதில்ல," என்பாள் அவள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய அருங்காட்சியகத்தில். இருபத்திரண்டு வயதில் அங்கே வந்து சேர்ந்தது தரைக்கு மெழுகு பூசத்தான். ஒருநாள் காட்சிப்பெட்டியிலிருந்த மெழுகுப் பழம் ஒன்று வெயிலில் உருகிக் காம்பு வளைந்துபோனது. தரைக்கு வைத்திருந்த மெழுகையும் சுவருக்கு அடிக்கும் வண்ணத்தையும் வைத்து அதை அவள் சரிசெய்து வைத்தாள். எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து வாளியும் துடைப்பமும் வேறு ஒருத்தி கைக்குப் போயின. மெழுகக்கா என்ற பெயர் மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

மூன்றாம் மாடியில் அண்டை நாடுகளுக்கென்று ஒரு கூடம் இருந்தது. ஒரு நாட்டின் முகமூடிகள், இன்னொன்றின் தறி, மற்றொன்றின் முரசுகள் என்று சுவர் நிறையச் சாமான்கள். நடுவில் நான்கு கண்ணாடிப் பெட்டிகள். நான்கு அண்டை நாடுகளில் ஒரு சாதாரணக் குடும்பம் மதியம் என்ன சாப்பிடும் என்பதைக் காட்டும் நான்கு தட்டுகள். நான்கும் அவள் கை வேலை. அந்த நான்கு நாடுகளில் ஒன்றின் மண்ணைக்கூட அவள் மிதித்ததில்லை. அந்தச் சாப்பாடுகளில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. புகைப்படம், அளவு, வண்ணக் குறிப்பு இந்த மூன்றும்தான் அவளுக்குத் தெரியும். ருசி தெரிந்தால் கை தடுமாறும் என்று ஒரு நம்பிக்கை வேறு.

பாஸ்போர்ட் மட்டும் எடுத்து வைத்திருந்தாள். எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. பீரோவில் புடவைகளுக்கு அடியில், ஒரு பக்கம்கூட அழுக்காகாமல் கிடந்தது.

"நான் தினமும் நூறு மைல் போறேன், எங்கயும் போனதில்ல. நீ உக்காந்த எடத்துல நாலு நாடு போயிட்டு வந்துட்டே," என்று கணவர் கேலி செய்வார். அவளுக்கு அது கேலியாகப் படுவதில்லை. எல்லை மூன்றே மணி நேரத் தூரம். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் அவளால் கடக்க முடியவில்லை.

அந்த வருடம் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கூடத்திலிருந்து நாற்பது பொருட்களைக் கிழக்கே இருக்கும் நாட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் காட்சிக்கு வைப்பது என்று முடிவாயிற்று. 'அடுத்த வீடு' என்பது காட்சியின் பெயர். நான்கு தட்டுகளும் பட்டியலில் இருந்தன. மெழுகுக்கு வெயில் ஆகாது. வழியில் ஏதாவது ஆனால் சரிசெய்ய ஆள் வேண்டும். ஆகவே மெழுகக்காவும் போகிறாள் என்று இயக்குநர் மேடம் கையெழுத்துப் போட்டார்.

லாரி கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது அதிகாரி ஒருவர் வந்து நாற்பது பொருட்களையும் சரிபார்த்து, பெட்டிகளுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை அடித்தார். அதற்குப்பிறகு இயக்குநரின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் பெட்டியைத் திறக்கக்கூடாது. திறந்தவர் பயணப் பட்டியலில் இருக்க மாட்டார். லாரி வரும்வரை பெட்டிகள் கூடத்திலேயே பார்வைக்கு இருந்தன.

மறுநாள் அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கிழக்கு நாட்டுத் தட்டின் முன்னால் வந்து நின்றார். சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

அதைச் செய்து வைத்த பதினோரு வருடத்தில் அவள் தட்டுக்கு யாரும் தொப்பி கழற்றியதில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"நான் செஞ்சதுதாங்க," என்றாள், கேட்காமலே.

அவர் திரும்பினார். "அப்படியாக்கா? ரொம்ப அழகா இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தவறினவங்க யாருக்கா?"

"யாரு தவறினாங்க?"

"இந்தச் சாப்பாடு யாருக்கு வச்சது?"

அவர் அந்த நாட்டுக்காரர். பின்தெருவில் ஆறு மேசை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். "சும்மா மத்தியானச் சாப்பாடுதாங்க, கீழே எழுதியிருக்கே," என்று அவள் காட்டியதும் எழுத்தைப் படித்தார். படித்துவிட்டுத் தொப்பியைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நம்ம கடைக்கு வாங்க. வாயால சொன்னா புரியாது."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனாள். கடைக்காரர் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். குவித்த சோறு, கீரை, பொரித்த சின்ன மீன், ஓரத்தில் புளிப்பாக ஊறிய ஏதோ ஒரு காய். எல்லாம் அவள் அளவுகள்தான், நிறம்கூடப் பிசகவில்லை. ஆனால் தட்டை மேசையில் வைக்கும் முன் அவர் மூன்று விரலால் சோற்றுக் குவியலின் ஓரத்தில் ஒரு கிள்ளு எடுத்து, அவள் எதிரிலேயே வாயில் போட்டு மென்றார். அப்புறம்தான் வைத்தார். அடுத்த மேசைக்கும் அப்படித்தான். அதற்கடுத்த மேசைக்கும்.

"சமைச்சவங்க மொதல்ல ஒரு கிள்ளு எடுக்கணும்கா. உங்க கூட நானும் சாப்பிடறேன்னு அர்த்தம். ராஜாவா இருந்தாலும் கிள்ளாம வைக்க மாட்டோம். கிள்ளாத சோறு செத்தவங்களுக்கு மட்டும்தான். அவங்ககூடச் சாப்பிட முடியாது இல்ல?"

"தினம் இத்தனை தட்டுலயும் கிள்ளிக் கிள்ளித் தின்னா என்னத்துக்கு ஆகறது?"

"அதான் பாக்கறீங்களே," என்று கடைக்காரர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அவள் சாப்பிட்டாள். பதினோரு வருடமாக மனப்பாடமாகத் தெரிந்த தட்டு. வாயில் வைத்தால் முன்பின் தெரியாததாக இருந்தது. அந்தக் காய் இவ்வளவு காரமாக இருக்கும் என்று எந்தப் புகைப்படமும் அவளுக்குச் சொல்லவில்லை.

அருங்காட்சியகத்துக்குத் திரும்பியதும் மேசையின் அடி இழுப்பறையைக் கிளறிப் பழைய புகைப்படத்தை எடுத்தாள். குவியலின் இடது ஓரத்தில் கிள்ளல் இருந்தது. தெளிவாகவே இருந்தது. அப்போதே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். யாரோ அவசரக்காரன் படம் எடுக்கும் முன்பே கை வைத்துவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். அவள் தொழிலில் குறை தெரிந்தால் நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டாள். அந்த ஓரத்துக்கு மட்டும் அரைநாள் செலவழித்தது நினைவுக்கு வந்தது.

பக்கத்து மேசையில் இருந்தவர் காட்சிப்பொருட்களுக்கு விளக்கம் எழுதுகிறவர். எல்லாருக்கும் அவர் லேபிள்தான். அவரிடம் சொன்னாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவனைக் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் லேபிள். "சோத்தை வச்சே சோத்துப் பள்ளத்தை மறைச்சவ நீ ஒருத்திதான்."

"கேலி அப்புறம் பண்ணலாம். என்ன பண்றது, அதைச் சொல்லு."

"தட்டை ஏன் தொடணும்? என் எழுத்தை மாத்திடுவோம். இறந்தவர்க்குப் படைக்கும் உணவுன்னு போட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

"கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன். செத்தவங்க தட்டுல காரம் வைக்க மாட்டாங்களாம். அந்தக் காய் இருக்கே."

லேபிள் பேனாவை மூடினார். "அப்ப உயிரோட இருக்கறவனுக்கும் ஆகாது, செத்தவனுக்கும் ஆகாது. நல்ல சாப்பாடு போட்டே போ."

வியாழக்கிழமை அவள் இயக்குநர் மேடத்திடம் போனாள். மேடம் புகைப்படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"பதினோரு வருஷமா யாரும் சொல்லலையே."

"அந்த ஊர்க்காரங்க இங்க அதிகமா வரல மேடம். இப்ப நாமல்ல அங்க போறோம்."

"இப்பப் பிரிச்சா மறுபடி சரிபார்க்கணும், மறுபடி கையெழுத்து வாங்கணும். அதுக்குள்ள லாரி போயிடும். நான் அனுமதி தர முடியாது. அந்தத் தட்டு அப்படியே போகட்டும், யாராவது கேட்டா கைவினைஞர் கற்பனைன்னு சொல்லிக்கலாம்." புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "நீங்க போகணும்னு எவ்வளவு ஆசைப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பேசாம போயிட்டு வாங்க."

அன்று வீட்டில் அவள் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கணவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கெளம்பறவ மொகமா இது?"

அவள் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுகிறவர்களின் வழக்கப்படி, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"போனா என்ன ஆகும்?"

"அவங்க ஊர்ல, அவங்க எல்லாரும் வரிசையா வந்து தொப்பி கழட்டுவாங்க. நான் பக்கத்துல நிக்கணும்."

"போகலைன்னா?"

"போகல. அவ்வளவுதான்."

"இன்னும் ஒரு வருஷத்துல இதுவும் காலாவதி," என்று பாஸ்போர்ட்டைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் கூடத்தில் காவலர் சாப்பிடப் போயிருந்த நேரம். மெழுகக்கா ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் கம்பி வெட்டும் குறடும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கம்பியை வெட்டினாள். ஈய முத்திரை தரையில் விழுந்து சற்றுத் தூரம் உருண்டது. கண்ணாடியைத் தூக்கி வைத்தாள். கருவி எதையும் எடுக்கவில்லை. வலது கை மூன்று விரலை வெந்நீரில் பொறுக்கும்வரை முக்கி வைத்திருந்து, குவியலின் இடது ஓரத்தில் அழுத்தி, ஒரு கிள்ளு எடுத்தாள். நான்கு நாள் வேலை இரண்டு நொடியில் குலைந்தது. உதிர்ந்த பருக்கைகள் நான்கைந்தை அப்படியே தட்டில் விட்டாள். கையில் வந்ததை வேலை அங்கியின் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கீழே உருண்ட முத்திரையைப் பொறுக்கிக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் அந்த ஈயத் துண்டை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நாலு தட்டுன்னு அங்க அச்சடிச்சாச்சு. மூணு அனுப்ப முடியாது," என்றார். "அந்த அதிகாரி கால்ல விழுந்தாவது மறுமுத்திரை வாங்கறேன். தட்டு போகும். நீங்க போக மாட்டீங்க."

"சரிங்க மேடம்."

"கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் கேட்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குப் பதில் லேபிள் போனார். மெழுகு உருகினால் என்ன செய்வது என்று ஒரு தாளில் பன்னிரண்டு குறிப்பு எழுதிக் கொடுத்தாள். அவர் அதில் இரண்டு பிழை திருத்திவிட்டு வாங்கிக்கொண்டார்.

காட்சி தொடங்கி ஒரு வாரம் ஆனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேபிள் தொலைபேசியில் அழைத்தார். முகமூடிக்குக் கூட்டம், முரசுக்குக் கூட்டம், மற்ற மூன்று நாட்டுத் தட்டுகளுக்கும் நின்று நின்று படம் எடுக்கிறார்கள் என்றார்.

"நம்ம தட்டு?"

"கேக்காதே. சீண்டறதுக்கு ஆள் இல்ல."

"ஒருத்தர்கூட நிக்கலையா?"

"பாக்கறாங்க, போறாங்க. அவங்கவங்க வீட்டு அடுப்படியைத் தாண்டிப் போற மாதிரி போயிக்கிட்டே இருக்காங்க. நேத்து ஒரு அம்மா மட்டும் லேசா நின்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மீன் கொஞ்சம் சின்னதுன்னாங்க."

"தொப்பி?"

"எது?"

"யாராவது தொப்பியைக் கழட்டினாங்களா?"

"இல்லையே. எதுக்குக் கழட்டணும்?"

அவள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டாள்: கூடத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணாடியை யார் துடைக்கிறார்கள். பிறகு தொலைபேசியை வைத்தாள்.

கணவருக்கு அன்று விடுமுறை. மேசையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சோற்றைத் தட்டில் குவித்து எடுத்துவந்தாள். அவர் முன்னால் வைக்குமுன், ஓரத்தில் மூன்று விரலால் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள்.

அவர் பேப்பரை இறக்கினார். "என்ன, பதம் பாக்கறியா?"

"ஆமா."

"எப்படி இருக்கு?"

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"குழைஞ்சிருக்கு," என்று தட்டை வைத்தாள்.