கண்ணாடிக் கொத்தனாரின் சுவர்கள்

கொத்தனாருக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் ஊருக்கு அவர் ‘கண்ணாடி’தான். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று யாரோ கேலியாகச் சொல்லப்போய், அதுவே ஒட்டிக்கொண்டது. மனிதருக்கும் அதில் உள்ளூரப் பெருமை. பூச்சு முடிந்ததும் விளக்கைச் சுவரோரம் பிடித்து, “எங்கயாவது மேடு பள்ளம் இருந்தா காட்டுங்க பாப்போம்” என்று வீட்டுக்காரர்களை வம்புக்கு இழுப்பார்.

அந்த வழவழப்பில் பாதி அவர் கை, மீதி சுரங்கத்து மண். ஈயம் தோண்டிய கம்பெனி கல்லை அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, கழிவை ஊர் எல்லையில் மலையாகக் குவித்தது. பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு நடையைக் கட்டியது. மாவு போல நைசான சாம்பல் நிற மண். சலிக்கவும் வேண்டாம், காசும் வேண்டாம், வேலியில் ஒரு ஓட்டை போட்டால் போதும். முதலில் போட்டவர் நம் கண்ணாடி. அப்புறம் ஊரே அள்ளியது. அவர் தெருவில் அந்த மண் ஏறாத உள்சுவர் ஒன்றுகூட இல்லை.

மகள் தையல் கம்பெனி வேலைக்குப் போகும்போது பேத்தியை அவரிடம்தான் விட்டுப் போவாள். வாய் ஓயாத குட்டி அது. கட்டிலோரம் உட்கார்ந்து சுவரைச் சுரண்டி விரலைச் சப்பும். “கொத்தனார் பேத்தி இல்லையா, கலவை சரியா இருக்கான்னு பாக்குது” என்று இவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அவருக்கே உடம்பு கூசுகிறது. மெல்ல மெல்லக் குழந்தையின் பேச்சு குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. கடைசியில் “தாத்தா” என்ற சொல்லும் நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

“ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு ஐயா. சுவர்ல பூசின சுரங்கத்து மண்ணுலேர்ந்துதான் வந்திருக்கணும்” என்றாள் நர்ஸ். “நீங்களா சுவர்ல கை வச்சிடாதீங்க. சுகாதாரத்துறை ஆளுங்க வந்து பாக்குற வரைக்கும் பிள்ளையை வேற இடத்துல வச்சுக்கங்க.”

கை வைக்கக் கூடாதாம்! ஊரில் பாதிச் சுவரைப் பூசியவரிடம், ஊசி போடுகிற பெண் சொல்கிறாள். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆள் எப்போது வருவது, பிள்ளையை எங்கே கொண்டு வைப்பது? ஒரே பகலில் பூச்சை இடித்துத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. மறுநாள் மகள் வேலைக்குப் போனதும் குழந்தையை அடுக்களையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார். சுத்தியலையும் உளியையும் எடுத்தார்.

சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடியது. “என்ன மாமா, பூசின கையாலயே கொத்துறீங்க?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“விஷமாம்மா இது. ஒரு சிட்டிகைகூட என் வீட்ல இருக்கக் கூடாது.”

நைசான மண் ஈரத்துணிக்கெல்லாம் அடங்குமா? மாலையில் கதவைத் திறந்தபோது அடுக்களைத் தரையிலும் பாத்திரங்களிலும் குழந்தையின் இமையிலும் சாம்பல் படிந்திருந்தது. கழுவிவிட்டால் போகும் என்று கழுவினார்.

சில வாரங்களில் குழந்தைக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஈயம் முன்பைவிட இரண்டு மடங்காகியிருந்தது.

“சுவரை இடிச்சீங்களா?” நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். “சுவரா இருந்தப்ப வாயில வச்சாத்தான் உள்ள போகும். தூசாக்கிட்டா மூச்சு விட்டாலே போகுமே, ஐயா!”

மகள் அவர் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதைவிட அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அவர் மட்டும் வீட்டுக்குத் திரும்பினார். தெரு திரும்பும்போதே சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம், ஒரு வீட்டில் இல்லை, வரிசையாக எல்லா வீட்டிலும். ஜன்னல்களிலிருந்து சாம்பல் தூசி புகையாக வந்துகொண்டிருந்தது.

“நிறுத்துங்க! யாரும் இடிக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். தலையெல்லாம் சாம்பல், முகமெல்லாம் சிரிப்பு.

“இப்ப வந்து சொல்றீங்களே மாமா! நீங்க இடிச்சதைப் பாத்துத்தானே நாங்களும் ஆரம்பிச்சோம். எங்க வீட்ல எல்லாம் முடிஞ்சுது. பிள்ளை தூங்குற ரூமைத்தான் முதல்ல இடிச்சோம்.”