தார்ன்பெக் வீட்டு வாரிசு

"நீங்கள் எங்கள் ஊருக்கு எப்போதாவது வந்திருக்கிறீர்களா, டாக்டர் ஸ்டெல்லா?"

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லேப்டாப் திரையிலிருந்து ஓர் ஆங்கிலேயர் என்னைக் கேட்ட கேள்வி இது. குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. சில பேர் கோபத்தைக்கூட இஸ்திரி போட்டுத்தான் வெளியே எடுப்பார்கள்.

"இல்லை" என்றேன்.

"அப்படியா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான் காலேஜில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் என் டாக்டர் பட்டம் எதற்கு என்று இதுவரை சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்ற சந்தேகம்தான். சரி, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அங்கே அறுநூறு, எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் நிலபுலன்களோடு வாழ்ந்த ஒரு குடும்பம் - தார்ன்பெக் குடும்பம். அவர்களுடைய வம்சாவளிதான் என் ஆராய்ச்சி.

சிரித்தாயிற்றா? போகலாம்.

இது எப்படி வந்தது என்றால், நான் வேலை பார்த்த மிஷன் காலேஜ் நூலகத்தில் கடைசி வரிசை அலமாரி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு பாதிரியார் கப்பலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தடித்தடிப் புத்தகங்கள். இங்கிலாந்து ராஜாவின் பழைய ஆவணங்களை அச்சுப் போட்டவை. பக்கங்களின் ஓரம்கூட வெட்டப்படவில்லை. அத்தனை வருஷமாக யாரும் அவற்றைத் திறந்ததே இல்லை! ஸ்கேலை உள்ளே விட்டுக் கிழித்துக் கிழித்துத்தான் படித்தேன்.

படிக்கப் படிக்க விட முடியவில்லை. ஒரு நிலக்காரர் இறந்தால் ராஜாவின் ஆட்கள் அந்த ஊருக்கு வருவார்கள். ஊர்க்காரர்களை உட்காரவைத்துக் கேட்பார்கள் - செத்தவருக்கு நிலம் எவ்வளவு? அடுத்த வாரிசு யார்? வாரிசுக்கு என்ன வயது? பட்டா, வாரிசுச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீஸுக்கு அலைந்த எவருக்கும் இதெல்லாம் அந்நியமாகத் தெரியுமா என்ன? எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டில் என் சித்தப்பா எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நம்ம பக்கம் ஜமீன் ஒண்ணுகூடவா ஒனக்குக் கெடைக்கல? வெள்ளக்காரப் பண்ணையாரப் புடிச்சுக்கிட்டு அலையுற?"

"அவுங்க நம்ம பண்ணையாரப் பத்தியெல்லாம் எழுதி வச்சுட்டுத்தான போனாங்க, சித்தப்பா? இப்ப நான் அவுங்களப் பத்தி எழுதுறேன்" என்றேன்.

சித்தப்பா பந்திக்குப் போய்விட்டார்.

பட்டம் வாங்கினேன், வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். தார்ன்பெக் குடும்பத்தை மட்டும் விடவில்லை. அந்த மூல ஆவணங்கள் எல்லாம் இப்போது படமாக இணையத்தில் கிடைக்கின்றன. செமினரியில் இருந்த ஒரு வயதான பாதரிடம் உட்கார்ந்து லத்தீன் கற்றிருந்தேன். அது இப்போது கைகொடுத்தது. அப்போதுதான் ஆலிஸைக் கண்டுபிடித்தேன்.

இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். தார்ன்பெக் குடும்பத்துக்கு என்று ஒரு வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் எழுதியது. அதன்படி ஜான் என்று ஒரு நிலக்காரர், அவருக்குப் பிறகு அவர் மகன் வில்லியம், வில்லியமுக்குப் பிறகு அவர் மகன் என்று அப்பா-மகன், அப்பா-மகனாகவே சங்கிலி இறங்கி வருகிறது. எங்கும் அறுந்துபோகாத ஆண் வாரிசு வரிசை. அந்த ஊர் சர்ச் சுவரில் இதைப் பலகையாகவே எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஜான் இறந்தபோது ஊர்க்காரர்கள் சொன்ன சாட்சி வேறு. ஜானுக்கு மகன் இல்லை. "அடுத்த வாரிசு அவர் மகள் ஆலிஸ், சிறுமி" என்கிறார்கள். வில்லியம் யார்? ஆலிஸைக் கட்டிய மாப்பிள்ளை! மனைவி வீட்டு நிலத்துக்கு வந்தவர், மனைவி வீட்டுப் பெயரையும் வைத்துக்கொண்டார். பாதிரியார் எழுதும்போது மாப்பிள்ளையை மகனாக்கிவிட்டார். ஆலிஸைக் காணோம்.

ஆலிஸுக்கு வயது வந்துவிட்டது, நிலத்தை அவளிடம் ஒப்படைக்கலாம் என்று நிரூபிக்க மறுபடி ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழா இருந்தது அப்போது? ஒவ்வொருவராக எழுந்து ஞாபகத்திலிருந்து சொல்கிறார்கள். ஒருவர் சொல்கிறார், "ஆலிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுதான் என் வீடு தீப்பிடித்தது." இன்னொருவர், "அன்றைக்குத்தான் குதிரையிலிருந்து விழுந்து என் கால் ஒடிந்தது." ஒருவர் - இவரை எனக்கு மிகவும் பிடிக்கும் - "அதே வாரம் என் மகளைப் புதைத்தேன். அதனால் மறக்கவில்லை" என்கிறார்.

ஊரே எழுந்து நின்று இவள்தான் வாரிசு என்று சொல்லியிருக்கிறது. அவளைப் பலகையில் காணவில்லை என்றால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

இதைக் கட்டுரையாக எழுதி இணையத்தில் போட்டேன். அந்தக் கிராமத்து வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் ஹெலன் அதைப் படித்துவிட்டு மெயில் அனுப்பினார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. "எங்கள் கூட்டத்தில் ஆன்லைனில் பேச முடியுமா? ஆண்டு மலரிலும் கட்டுரையைப் போட விரும்புகிறோம்" என்று கேட்டிருந்தார். அந்தக் கூட்டம்தான் அந்தச் சனிக்கிழமை. அவர்களுக்கு மதியம், மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம்.

திரையில் அந்த ஊர் மன்றம் தெரிந்தது. நாற்காலிகளில் கம்பளிச் சட்டை போட்ட பெரியவர்கள். ஒரு ஓரத்தில் புரொஜெக்டர் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, "இவர்தான் திரு. தார்ன்பெக்" என்று ஹெலன் அறிமுகப்படுத்தினார். ஆமாம், அதே தார்ன்பெக். இன்றைய வாரிசு.

நான் ஆலிஸைப் பற்றிப் பேசி முடித்ததும் அவர்தான் முதலில் எழுந்தார். அந்த "வந்திருக்கிறீர்களா"வும் அந்த "அப்படியா"வும் அவருடையவைதான்.

நான் சும்மா இருப்பேனா?

"ஐயா, உங்கள் நாட்டுத் துரைமார்கள் எங்கள் பக்கம் பாளையக்காரர்களின் வம்சாவளியை எல்லாம் எழுதி வாங்கி, கட்டுக் கட்டாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் படித்து எங்களைப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள் எல்லோருமா மதுரைக்கு வந்து பார்த்தார்கள்? யாரும் அவர்களைக் கேட்கவில்லை. என்னைக் கேட்பதானால் ஆலிஸைப் பற்றிக் கேளுங்கள். நான் படித்த வரியில் தப்பு இருந்தால் காட்டுங்கள்."

மன்றத்தில் யாரோ இருமினார்கள். ஹெலன் குனிந்து தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

திரு. தார்ன்பெக் மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. "வரியில் தப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு லத்தீன் வராது. ஆனால் இந்தச் சங்கிலியைச் சொல்லிச் சொல்லித்தான் என் அப்பா என்னை வளர்த்தார். எனக்கு மகன் இல்லை. ஒரே மகள். ஆக, இது என்னோடு முடிகிறது. முடியும்போதாவது அது முழுசாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது பெரிய ஆசையா?"

நான் வாயைத் திறந்தேன்... கரண்ட் போய்விட்டது.

எங்கள் ஏரியாவில் ஒருமுறை போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வைஃபையும் போச்சு. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. என் கணவர் அந்தோணி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கப்பலூரில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். மெஷின் நின்றால் பதறுவது அவருக்குப் பழக்கம்.

"வா, பாண்டி அண்ணே வீட்டுக்குப் போயிருவோம். அங்க இன்வெர்ட்டர் இருக்கு."

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனோம். அந்தோணி அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றார்.

"ஸ்டெல்லா, அந்தாளு என்ன சொன்னாரு? பொண்ணு மட்டும் இருக்கறதால வம்சம் முடிஞ்சு போச்சாமா?"

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணு உசுரோடதான இருக்கு?"

எங்களுக்கும் இரண்டும் பெண் பிள்ளைகள்தான். ஒருத்தி சென்னையில், ஒருத்தி கோயம்புத்தூரில். இவருடைய அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கைக் கடித்துக்கொண்டே சொல்வார்: "ஒன் பேரச் சொல்ல ஆளு இல்லாமப் போச்சேடா, அந்தோணி." இவர் சிரித்து வைப்பார். சிரிப்பு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தாளுகிட்டச் சொல்லு" என்றார். "நல்லாக் கேக்குற மாதிரிச் சொல்லு."

பாண்டி அண்ணன் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு சோபாவில் இடம் விட்டார். "உக்காருங்க டீச்சர். யாரு கூட இம்புட்டு அவசரமாப் பேசணும்?"

"ஒரு பண்ணையார் கூட அண்ணே" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் சொன்னார்.

மறுபடி இணைப்பு கிடைத்தபோது மன்றத்தில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். திரு. தார்ன்பெக் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தயவுசெய்து ஒரு நிமிஷம் இருங்கள்" என்றேன். "நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்கள் ஜானும் இதையேதான் நினைத்திருப்பார். மகன் இல்லை, ஒரே மகள், என்னோடு முடிந்தது என்று. முடியவில்லை ஐயா. ஆலிஸ் நிலத்தைக் காப்பாற்றினாள். கட்டிக்கொண்டவனுக்குத் தன் பெயரைக் கொடுத்தாள். பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைகளின் வழியில்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நான் உங்கள் சங்கிலியை அறுக்க வரவில்லை. அது அறுந்துபோக இருந்த இடத்தில் பிடித்துக்கொண்டது யாருடைய கை என்று சொல்ல வந்தேன். அந்தக் கையை அழித்துவிட்டு, சங்கிலி முழுசாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் மாட்டேன்."

அப்போது புரொஜெக்டர் பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்:

"அந்தச் சாட்சிகள் பேசுகிற பக்கத்தை மறுபடி ஒருமுறை காட்ட முடியுமா?"

ஹெலன் மெல்லச் சொன்னார்: "இவர்தான் திரு. தார்ன்பெக்கின் மகள்."

காட்டினேன். அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தெரியாத லத்தீன் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, "இதில் ஆலிஸ் எங்கே?" என்று கேட்டாள். இடத்தைச் சொன்னேன். விரல் அங்கே நின்றது. அவள் அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போகவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

இத்தோடு சுபம் போடலாம் என்று பார்த்தால், நாலு நாள் கழித்து சங்கக் கமிட்டியிலிருந்து மெயில். கட்டுரையைப் போடுகிறார்களாம், சின்னச் சின்ன மாற்றங்களோடு. "ஆலிஸ் வாரிசு" என்பது "ஆலிஸ் வாரிசாக இருந்திருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர்" என்று ஆகியிருந்தது. யார் அந்தச் சிலர்? மதுரையில் நான் ஒருத்திதானே! என் பெயருக்குப் பக்கத்தில் "உள்ளூர் அறிஞர்களின் உதவியுடன்" என்று வேறு சேர்த்திருந்தார்கள்.

அந்தோணி படித்துவிட்டு, "விட்ரு, போட்டாப் போதும்னு இருந்துரலாம்ல?" என்றார். இரண்டு நிமிஷம் கழித்து அவரே, "வேணாம். விடாத" என்றார்.

பதில் எழுதினேன். "சாட்சி சொன்ன ஊர்க்காரர்கள் 'இருந்திருக்கலாம்' என்று சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். கட்டுரை நான் எழுதியபடி, என் பெயரில் மட்டும் வரவேண்டும். இல்லையென்றால் வரவே வேண்டாம்."

வராது என்றுதான் நினைத்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆறிப்போன காபியைக் குடிப்பது போல ஒரு வாரம் போனது.

பிறகு ஹெலன் போன் செய்தார். கமிட்டியில் பெரிய வாக்குவாதமாம். கடைசியில் திரு. தார்ன்பெக் எழுந்து, "எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் அந்த அம்மா எழுதியதை எழுதியபடியே போடுங்கள். என் மகள் கேட்கிறாள்" என்றாராம்.

சர்ச் பலகையை மாற்றுவார்களா? அது இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. நானும் விடுகிறதாக இல்லை.

நேற்று கட்டுரையின் மெய்ப்பு திருத்தத்துக்கு வந்தது. ஆலிஸ் நிமிர்ந்து நிற்கிறாள் - 'இருந்திருக்கலாம்' இல்லை, 'சிலர்' இல்லை. என் பெயருக்குக் கீழே 'மதுரை, இந்தியா' என்று போட்டிருந்தார்கள். வெறும் மதுரை என்றால் அவர்கள் வாசகர்களுக்குத் தெரியாதாம்.

'இந்தியா'வை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். உங்கள் கிராமம் எங்கே இருக்கிறது என்று நான் மேப்பில் தேடித்தானே கண்டுபிடித்தேன்? மதுரையை நீங்கள் தேடுங்கள்!