கைதட்டலுக்கு நடுவே ஓடியவர்

காலை ஏழு மணி. விருதுநகர் சந்திப்பில் சிவகாசி வண்டிக்காகக் காத்திருக்கிறேன். நேற்று சென்னை மாரத்தானில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் போய், பதினைந்தாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள விலகிவிட்டேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நடைமேடையில் நொண்டிக்கொண்டே நடக்கிறேன்.

பெஞ்சில் ஒரு பெண், அதே மாரத்தான் பனியனைச் சேலைக்கு மேல் போட்டபடி டீ குடிக்கிறார். நாற்பது வயதிருக்கும். மடியில் பதக்கம்.

"முழுசும் ஓடிட்டீங்களா?"

"ஓடிட்டேன் சார். சென்னையில இருக்க தங்கச்சிதான் பேர் குடுத்தா. நீங்க நொண்டுறதப் பாத்தா பாதியில விட்டுட்டீக போல?"

தலையாட்டுகிறேன். சிவகாசியில் பட்டாசு கம்பெனியில் வேலை என்கிறார். ஓடப் பழகியது எப்படி என்று கேட்கிறேன்.

"பழகுனதெல்லாம் இல்ல சார். போன சீசன்ல பக்கத்து ரூம் வெடிச்சிருச்சு. திரும்பிப் பாக்காம ஓடுனேன். எங்கூட இருந்தவ வரல. அன்னையிலருந்து காலு ஒரு எடத்துல நிக்காது, காலையில எந்திரிச்சு ஓடிக்கிட்டே இருப்பேன். நேத்து அம்புட்டுப் பேரு கைதட்டுனாக. பயமில்லாம ஓடுனது நேத்துதான்."

"இன்னைக்கு ஓய்வுதானே?"

"ஒம்போது மணிக்கு கம்பெனியில இருக்கணும் சார்."

வண்டி வருகிறது. எனக்கு முன்பே எழுந்து, என் பையையும் தூக்கிக்கொள்கிறார். பதக்கத்தைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கிறார்.