குளவிக்கு ஜன்னல் திறந்து வைத்த பயணம்

எங்கள் வீட்டில் இயற்கையைப் பார்ப்பது என்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். செம்பாக்கம் ஏரி வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகாயத்தாமரைக்கு நடுவில் நாமக்கோழி போகும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் அதே ஏரியிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாம்பு குளியலறைக்கு வந்துவிட்டால் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் புளிசாதம் கட்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, சுங்கச்சாவடியில் வரிசையில் நின்று போய்ப் பார்த்தால் அதற்குப் பெயர் இயற்கை.

எனக்கு இந்தப் பயணங்கள் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் இனிமையை எதிர்பார்க்க வேண்டாம்.

பிடிக்காததற்குக் காரணம் என் இடம். என் கணவர் ஓட்டுவார். முட்டி வலி என்பதால் மாமியார் முன் ஸீட்டில். பின்னால் வலது ஜன்னலோரம் என் நாத்தனார். அவள் கணவர் துபாயில் இருக்கிறார், அதனால் எங்கள் எல்லாப் பயணங்களிலும் அவள் உண்டு. இடது ஜன்னலோரம் நான். நடுவில் சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர் கேனும். நாத்தனாரின் ஆறு வயது மகள் என் மடியில். கூடையை டிக்கியில் வைக்கலாம், குழந்தை நடுவில் உட்காரலாம். இதை நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சோறு டிக்கியில வச்சா சூட்டுல கெட்டுப்பூடும்" என்பார் மாமியார். பிறகு ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம்: "உன் மடி சும்மாதானே கீது, புள்ளைய வாங்கி வச்சிக்க."

ஆறு வருஷமாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஏலகிரி, மகாபலிபுரம், செஞ்சி, திருவண்ணாமலை. குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் என் இரண்டு காலும் மரத்துப்போய்விடும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதில் ஐந்து வருஷம் ஆஸ்பத்திரி, ஊசி, காத்திருப்பு. இந்த ஜனவரியில் போதும் என்று நிறுத்திவிட்டோம். காரணம் யார் பக்கம் என்பது எங்கள் இருவருக்கும் இரண்டாவது வருஷமே தெரியும். அது என் பக்கம் இல்லை. "அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ எதுவும் சொல்லாத" என்று அவர் கேட்டுக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். தெருவில், கல்யாண வீடுகளில், கோயில் வாசலில் அத்தனை பேரும் என்னிடம் மருந்து சொன்னபோதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான் கணக்கு டீச்சர். வகுப்பில் நாற்பது பேரை அடக்குகிற வாய் இது.

நிறுத்தியதையும், ஏன் என்பதையும் பொங்கல் முடிந்து சொல்கிறேன் என்றார். தை முழுக்கப் போனது. பிறகு ஒருநாள், "வேடந்தாங்கல் போலாம். அங்க அம்மா நல்ல மூட்ல இருப்பாங்க. நிதானமா உக்கார வச்சு சொல்லிடறேன்" என்றார். நான் ஒரு பயணத்துக்கு ஆசையாகத் தயாரானது அதுதான் முதல் தடவை.

முந்தின நாள் சாயங்காலம் காரைத் துடைக்கப் போனேன். அவருக்குப் பத்து நாளாக வீட்டிலிருந்தே வேலை, வண்டி அசையவில்லை. உள்ளே காற்றோட்டம் வேண்டும் என்று எப்போதும் போல ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருந்தார். கதவைத் திறந்தேன். என் இடத்துக்கு மேலே, கைப்பிடிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மண் அப்பியிருந்தது. வரிவரியாக, காய்ந்து, சாம்பல் நிறத்தில். குளவிக்கூடு.

ஈரத் துணியை அதன் மேல் வைக்கப் போனேன்.

"தொடாதே!"

மாமியார் அந்த வேகத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. முட்டி வலி எங்கே போனதோ. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம், கூட்டை உடைத்தால் கருவுக்கு ஆகாது. இது எங்கள் அம்மா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் அங்கே அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

"ஊரெல்லாம் வூடு கீது. நம்ம வண்டியில, அதுவும் உன் தலைக்கு மேல வந்து கட்டிக்கீதுன்னா இன்னா அர்த்தம்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். மண்ணின் நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். "செம்மண்ணா இருந்தா பொண்ணு. இது ஏரி மண்ணு, கருப்பா கீது. பையன்தான்" என்று மாமியார் முடித்து வைத்தார். அப்போது என் வயிறு இருந்த நிலைமை எனக்குத்தான் தெரியும். அன்று எனக்கு மூன்றாம் நாள்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் கிளம்பும்போது ஏ.சி. கூடாது என்று உத்தரவாகியிருந்தது. குளவி வந்து போக வேண்டுமாம், இடது பக்கக் கண்ணாடியை ஏற்றக் கூடாது. நான் கேட்டேன், "அத்தை, நாம அறுபது கிலோமீட்டர் போறோம். அந்தக் குளவி பின்னாடியே பறந்து வருமா?"

"அதுக்குத் தெரியும், எப்டி வரணும்னு" என்றார்.

படித்த மகன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

இன்னொன்றும் நடந்தது. குழந்தை வழக்கம் போல என் மேல் ஏற வந்தது. "அத்தை மேல ஏறாதே! வயித்துல மிதிச்சிடப் போற" என்று மாமியார் முன் ஸீட்டிலிருந்து திரும்பிக் கத்தினார். கூடை டிக்கிக்குப் போனது. புளிசாதம் சூட்டில் கெடவில்லை. குழந்தை நடுவில் உட்கார்ந்தது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக நான் காலை நீட்டிக்கொண்டு போனேன். அது சுகமாக இருந்தது என்பதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

தாம்பரம் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. பொத்தேரியில் நெரிசல். காலேஜ் பையன்கள் பைக்கில் இரண்டு பக்கமும் நுழைந்து போனார்கள். பஸ் புகை முழுக்க என் பக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "மசக்கையா கீதா?" என்றார் மாமியார். புகை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், நான் வெட்கத்தில் மறைக்கிறேன் என்று. பிறகு மதுராந்தகத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு போன் போட்டு, "வண்டியிலயே கட்டிக்கீதுக்கா" என்று ஆரம்பித்தார். செங்கல்பட்டு வருவதற்குள் நாலு பேருக்குச் சேதி போய்விட்டது.

சுங்கச்சாவடிக்கு அப்பால் டீ குடிக்க நிறுத்தினோம். மற்றவர்கள் உள்ளே போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொல்றேன். இப்ப அவங்க இவ்ளோ சந்தோஷமா இருக்காங்க..."

"அதனாலதான் இப்பவே சொல்லணும். இன்னும் நாலு போன் போட்டா ஊரே வளைகாப்புக்கு வந்து நிக்கும்."

அவர் டீ கிளாஸைக் கையில் சுழற்றினார். பிறகு மெதுவாக, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாரேன். டாக்டர் சொன்னதும் நூறு சதவீதம்னு சொல்ல முடியாதில்ல."

மாமியாராவது குளவியை நம்பினார். இவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் படித்தவர். மூன்று நாளாக என் வலிக்கு வெந்நீர்ப் பை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவரும் இவர்தான். ஒன்பது வருஷத்தில் அவர் மேல் எனக்குப் பல தடவை கோபம் வந்திருக்கிறது. வெறுப்பு வந்தது அந்த டீக்கடை வாசலில்தான்.

வேடந்தாங்கலில் கூட்டமான கூட்டம். ஏரிக்குள் நிற்கிற கடம்ப மரங்கள் எச்சத்தால் வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொரு கிளையிலும் கூடு, ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சு. கூழைக்கடா வாயைத் திறக்க, குஞ்சு கழுத்து வரைக்கும் தலையை உள்ளே விட்டுத் தின்றது. அவர் பைனாகுலரை என் கையில் கொடுத்து, "அங்க பாரு, நத்தைகுத்தி நாரை, மூணு குஞ்சு" என்று காட்டினார். இந்த மனுஷனுக்கு எங்கே எதைக் காட்டுவது என்று தெரியவே தெரியாது. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதை அந்தக் கண்ணாடி கிட்டே கொண்டுவரும். பக்கத்தில் நிற்பவளைக் காட்டாது.

நாங்கள் ஏறி நின்ற காட்சிக் கோபுரத்தின் கீழே மாமியார் முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் என்னைக் கை காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார், பிறகு சிரித்தார். நான் காரின் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். குழந்தை என் பின்னாலேயே வந்தது.

கார் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, சாவியின் முனையை மண்ணுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். முதலில் தூளாக உதிர்ந்தது. பிறகு ஒரு பாதி அப்படியே பெயர்ந்து ஸீட்டில் விழுந்தது.

உள்ளே சிலந்திகள். சின்னச் சின்னதாக, பச்சையும் பழுப்புமாக, ஓர் அறையில் ஏழெட்டு, திணித்து வைத்தாற்போல. நடுவில் மஞ்சளாக ஒரு புழு, குளவியின் குழந்தை.

"செத்துப்போச்சா அத்தை?" என்றது குழந்தை.

நான் ஒரு சிலந்தியைச் சாவியால் தொட்டேன். ஒரு கால் மட்டும் லேசாக மடங்கியது.

"இல்லம்மா. உயிரோடதான் இருக்கு. குளவி கொட்டினதால அசைய முடியாது. அதோட குஞ்சு சாப்பிடறதுக்காக வச்சிருக்கு."

"வலிக்குமா?"

"தெரியல" என்றேன். தெரியும் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

எங்களைத் தேடி நாத்தனாரோடு வந்த மாமியார் போட்ட கூச்சல் பார்க்கிங் முழுக்கக் கேட்டது. "ஒடச்சிட்டியா? அடிப்பாவி! உன் கையாலயே ஒடச்சிட்டியா?" தலையில் அடித்துக்கொண்டார். வேன் டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் குழந்தையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள், நான் அதையும் உடைத்துவிடுவேன் என்பது போல. என் கணவர் கழுத்தில் பைனாகுலர் தொங்க வேகமாக வந்தார்.

நான் அவரைப் பார்த்தேன். இதைவிட நல்ல சமயம் அவருக்குக் கிடைக்காது. ஒரே ஒரு வாக்கியம் போதும். எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். பத்து வரைக்கும் எண்ணினேன்.

"விடும்மா" என்றார் அவர். "வேற கட்டும்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அத்தை, எத்தனை குளவி கட்டினாலும் நடக்காது. எனக்கு இப்ப தீட்டு நாள். ஜனவரியிலயே எல்லா வைத்தியத்தையும் நிறுத்திட்டோம். குறை என்கிட்ட இல்ல. ஏழு வருஷமா உங்க புள்ளைக்குத் தெரியும். அவரையே கேளுங்க."

மாமியார் மகனிடம் திரும்பினார். "இன்னாடா சொல்றா இவ?"

அவர் பைனாகுலருக்கு மூடியைப் போட்டார். பிறகு கழற்றினார். மறுபடி போட்டார். மறுக்கவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கொண்டுபோன புளிசாதத்தை யாரும் சாப்பிடவில்லை. திரும்பும்போது ஜன்னல்கள் மூடியிருந்தன, ஏ.சி. ஓடியது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. படாளம் தாண்டியதும் குழந்தை பழக்கதோஷத்தில் என் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. மாமியார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இறங்கு என்று குழந்தையிடமும் சொல்லவில்லை, வச்சிக்க என்று என்னிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை. வீட்டில் என்னிடம் தேவைக்குப் பேசினார்கள். மகனிடம் அதுவும் இல்லை. காரில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும் தங்கிவிட்டது, எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேல் குளவி மறுபடி கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. மண் இன்னும் ஈரமாக, கருப்பாக இருந்தது. நான் பேப்பர் எடுக்கப் போனவள் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். மாமியாரும் கதவருகில் வந்து நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோலம் போட வந்த எதிர் வீட்டு அம்மா, "அட, குளவி கட்டியிருக்கே, வீட்ல விசேஷமா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

மாமியார் உள்ளே போய்த் துடைப்பத்தைக் கொண்டு வந்தார். முட்டி வலியோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எக்கி, ஒரே தட்டில் கூட்டைத் தட்டிவிட்டார். கீழே விழுந்த மண்ணை முறத்தில் கூட்டி அள்ளினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் எதிர் வீட்டு அம்மாவிடம். "சும்மா, பூச்சி."