சாதிக் பாஷாவின் வட்டப் பாதை

ஏற்காடு கடைவீதியில் மிளகும் காபித்தூளும் விற்கும் சாதிக் பாஷாவுக்குப் பஸ் ஆகாது. சரக்கெடுக்கச் சேலம் போகும்போதெல்லாம் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பாலித்தீன் பையை வாயருகே பிடித்துக்கொள்வார். "ரயிலுன்னா நேராப் போகுமுங்க" என்று ஏக்கத்தோடு சொல்லுவார். மலைக்கு ரயில் வராது என்பதால் வீட்டுக்குள்ளேயே ஒன்றைக் கொண்டுவரத் தீர்மானித்தார். எதிர்க்கடைக்காரன் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவர்?

மலையடிவாரத்தில் எப்போதோ மூடிவிட்ட ஒரு சின்ன ஸ்டேஷனை அப்படியே பொம்மையளவில் செய்வது அவர் திட்டம். அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயரான டோமினிக், பக்கத்து நாகலூரில் இருக்கிறார். அவரிடம் ஸ்டேஷனின் பழைய வரைபடமும் இரண்டு போட்டோக்களும் இருந்தன. பாஷா அவற்றை வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்யாணமாகிப் போன மகள் நிலோஃபரின் அறைத் தரையில் பலகைகளைப் பரப்பினார். ஐஸ் குச்சிகள் சிலீப்பர் கட்டைகளாயின. ஜல்லிக்குப் பதில் கடுகு. போட்டோவில் சிக்னல் கம்பத்தடியில் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. களிமண்ணில் அதையும் பிடித்து வைத்தார். ஓடுவதற்கு, சாவி கொடுக்கும் பொம்மை ரயில்.

வரைபடத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு முழு வட்டப் பாதை இருந்தது. போட்டோக்களில் அது இல்லை.

"போட்டோ புடிச்சவன் அதுக்கு முதுகைக் காட்டி நின்னிருப்பானுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பாதி அறையை அடைத்து வட்டம் போட்டார். வளைவென்றாலே குமட்டுகிற மனிதர்!

நிலோஃபர் கைக்குழந்தையோடு வரப்போகிறாள் என்றதும் மனைவி ஜமீலா பொங்கிவிட்டார்.

"ஏனுங்க, தாளிக்கக் கடுகில்ல. புள்ளைக்குத் தூளி கட்ட எடமில்ல. டோமினிக் அண்ணன் வந்து பாக்கட்டும். எல்லாஞ் சரின்னா இருக்கட்டும். ஒண்ணு தப்புன்னாலும் அத்தனையும் பரணுக்குப் போயிரோணும்."

பாஷா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வரைபடத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

டோமினிக் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். நாயைப் பார்த்ததும் "அட, நம்ம மணி!" என்று கண்கலங்கினார். வட்டத்தைப் பார்த்ததும் கலக்கம் போய்விட்டது.

"ஏனுங்க பாய், இது என்னதுங்க?"

"வட்டப் பாதைங்க. உங்க மேப்புலதான் இருக்குது."

டோமினிக் பையிலிருந்து அசல் வரைபடத்தை எடுத்து விரித்தார். கோடுகளெல்லாம் கறுப்பு. வட்டம் மட்டும் பழுப்பு. சற்று யோசித்தவர், ஜமீலா கொடுத்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை அந்த வட்டத்தின் மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"டூட்டி ரூம்ல மேசை நொம்பச் சின்னதுங்க" என்றார் வெட்கத்தோடு. "காபி டம்ளரை மேப்பு மேலதான் வெப்பனுங்க."

ஜெராக்ஸில் கறையும் தண்டவாளமும் ஒரே கறுப்பாகிவிட்டன. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பாஷாவின் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

மறுநாள் ஸ்டேஷன், சிக்னல், நாய் மணி எல்லாம் பரணேறின. கடைசியாக வட்டத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோது நிலோஃபர் வந்துவிட்டாள். வளைவுக்கு வளைவு அழுதுகொண்டே வந்த குழந்தை, தூளியில் போட்டும் அடங்கவில்லை. அந்த அமளியிலும் பாஷாவுக்கு ஆசை விடவில்லை. ரயிலைக் கடைசியாக ஒரு சுற்று விட்டார். கடகட சத்தம் கேட்டுக் குழந்தை வாயை மூடியது. ரயில் நின்றது. குழந்தை வீறிட்டது.

"ஏனுங்க, இன்னொரு சுத்து உடுங்க" என்றார் ஜமீலா.

"அது தப்பான பாதை, ஜமீலா! காபிக் கறை!"

"உடுங்கன்னா!"

இப்போது சரியான ஸ்டேஷன் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. தப்பான வட்டம் மட்டும் தூளிக்கு அடியில். மதியமானால் பாஷா கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார். பேரன் என்றால் அவருக்கு உயிர். அவன் கண்ணயரும்வரை தரையில் உட்கார்ந்து, ரயில் நிற்க நிற்கச் சாவி கொடுக்கிறார். அது சுற்றுவதைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுகிறதாம். மடியில் தயாராக ஒரு பாலித்தீன் பை வைத்திருக்கிறார்.