புஸ்பம் மாமியின் நிமிர்ந்த கழுத்து

உலகத்தில் கழுத்துள்ளவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் கழுத்து என்றால் அது பனிச்சங்கேணி புஸ்பம் மாமியின் கழுத்துத்தான். கடல் வந்து முறுக்கிப் பார்த்தது. ஷெல்லுக்குப் பயந்து ஓடிய ஓட்டம் குலுக்கிப் பார்த்தது. கடைசியில் கொழும்பு டொக்டர் தகடு வைத்துப் பூட்டினார். ஒரு நாடே பட்ட பாட்டை ஒரு கழுத்து பட்டிருக்கிறது; அதற்கு ஒரு சிலை வைக்க வேண்டாமா?

மாமி எங்கள் பக்கத்து வீடு. தொழில், கடலோரக் களப்பில் இறால் தடவிப் பிடிப்பது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். அங்கே கண்ணுக்கு வேலையில்லை, விரலுக்குத்தான்.

சுனாமியில் மரத்தோடு அடிபட்ட பிறகு கழுத்து மெல்ல முன்னால் குனிந்தது. ஷெல்லுக்கு ஓடி முகாமில் இருந்தபோது விரல்கள் மரத்தன. தேத்தண்ணி கைநழுவும். நடை, கள்ளடித்தவர் நடை.

"மாமி, எனக்கும் ஒரு போத்தல் வையுங்க" என்பேன்.

செருப்பு பறந்து வரும். என்மேல் படாது. முன்பெல்லாம் அது குறி தப்பியதே இல்லை; எனக்குப் பயம் பிடித்தது அதில்தான்.

சண்டை முடிந்த வருஷம் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டினார். கழுத்தெலும்பின் வளைவு மாறி முன்னுக்குச் சரிந்ததால் முள்ளந்தண்டு நரம்பு அதன்மேல் இறுகி நசுங்குகிறதாம். பின்னால் திறந்துவிட்டால் மட்டும் நரம்பு இளகாது, முன்பக்கத்தால் போய் வளைவையும் சரிப்படுத்த வேண்டுமாம்.

"நடை திரும்பும். விரலுக்கு நான் வாக்குத் தர மாட்டன், நரம்பு கன காலம் நசுங்கிப் போச்சு" என்றார்.

"ஒப்பரேஷனுக்கு மறுகா பறி கடிக்கலாமா?" என்று மாமி கேட்டார்.

டொக்டர் விழித்தார். நான் அவருடைய பைலைப் பல்லால் கவ்வி, தரையில் குந்தித் தடவிக் காட்டினேன். தாதி சிரித்த சிரிப்பில் பக்கத்து வார்டும் எட்டிப் பார்த்தது. பறியை இடுப்பில் கட்டச் சொன்னார் டொக்டர்.

ஒப்பரேஷன் முடிந்து திரும்பி வந்த மாமி கழுத்துப்பட்டியோடு தேர் மாதிரி நடந்தார். திரும்புவதானால் முழு உடம்பும் திரும்பும். நான் பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு மறுபக்கம் ஓடுவேன். தேர் ஒரு முழு வட்டம் வரும்.

பட்டி கழற்றியதும் களப்பில் இறங்கினார். வெகுநேரம் தடவியும் பறி காலி.

"சேறும் இறாலும் ஒண்டுபோலத்தான் கிடக்கு மனே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள், கரையில் மீன் வாங்கும் வியாபாரி ஆதம்பாவா காக்காவின் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கை இறால் எடுத்தேன். கேட்டுத்தான் எடுத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது கேட்டேன். ஐஸோடு பையில் போட்டு, மாமிக்குப் பக்கத்தில் குந்தி, அவர் கைக்குக் கீழே ஒன்றைத் தள்ளினேன்.

"அம்பிட்டுது!" என்றார் மாமி. அது பறிக்குள் போனது. அடுத்ததும் போனது.

"மாமிக்கு விரல் வந்துட்டு!" என்று கத்தினேன். கரையில் நின்ற பெண்கள் குரவையே போட்டுவிட்டார்கள்.

மூன்றாவதை மாமி பறியில் போடவில்லை. உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கோகுல்."

"ஓம் மாமி."

"தண்ணி வெதுவெதுண்டு கிடக்கு. இந்த இறால் மட்டும் ஏன்டா ஐஸா குளிருது?"

ஐஸ் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"குளிர் தெரியுதா மாமி?"

"தெரியுதுடா கள்ளா" என்றார். "நல்லாத் தெரியுது."